ராஜா வீட்டுக்கு விருந்தாளியா, உரிமைக்காரனா?

"தனியாகப் புறப்படுங்கள்! பழைய கோட்டைகளையும் அரண்மனைகளையும் கண்டு களியுங்கள்! ஒரு நாளாவது ராஜபோகத்தில் திளையுங்கள்!"

ஞாயிற்றுக்கிழமை மலர்களைப் பிரித்தால் இப்படி ஓர் அழைப்பு கண்ணில் படாமல் போவதில்லை. கூடவே வண்ணப் படம். பின்னால் மதில், முன்னால் முதுகுப் பையோடு ஒரு கனவான். எந்த ராஜா, எத்தனை ராணி, எத்தனை யானை என்று எல்லாம் எழுதியிருக்கிறார்கள். கல்லைச் சுமந்தவன் யார், அவன் எங்கே படுத்தான், என்ன தின்றான் என்பது பற்றி மூச்சு இல்லை!

மதுராந்தகம் பக்கத்தில் விவசாயத் தொழிலாளர் கூட்டம் ஒன்று முடிந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது இந்தப் பேச்சு வந்தது. இளம் தோழர் ஒருவர் கொதித்தார்: "ராஜாங்க கொழுத்த கதையை நாம எதுக்குண்ணே காசு குடுத்துப் பாக்கணும்? கோட்டை இன்னும் நாலு கல்லு இடிஞ்சு விழுந்தா நமக்கு இன்னா நஷ்டம்?" பக்கத்திலிருந்த பெரியவர் அதற்கும் ஒரு படி மேலே போனார்: "அதெல்லாம் காசு உள்ளவன் சமாச்சாரம்பா. தனியா ஊரு சுத்த நமக்கு ஏது நாளு?"

நாம் அவர்களிடம் ஒன்று கேட்டோம்: "அதோ தெரிகிறதே உங்கள் ஏரிக்கரை, அதைக் காத்தது யார்?"

"ஏரி காத்த ராமர்!" என்றார் பெரியவர்.

"கோயில்லே கல்லுல எழுதியிருக்கு, கலெக்டர் துரை" என்றார் இளைஞர். கம்பெனி காலத்தில், 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், செங்கல்பட்டுச் சீமைக்குக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரையை அவர் சொன்னார்.

"சரி, கூடை கூடையாக மண் சுமந்து கரையைப் போட்டது யார்?"

இரண்டு பேரும் பேசவில்லை. ராமருக்குப் பெயர் கிடைத்தது. துரைக்குப் பெயர் கிடைத்தது. மண் சுமந்த பாட்டனுக்கும் பாட்டிக்கும் அவர்கள் பேரப்பிள்ளைகளின் வாயில்கூடப் பெயர் இல்லை!

தோழர்களே, நாமும் ஒரு காலத்தில் அந்த இளைஞரைப் போலத்தான் பேசித் திரிந்தோம். அது தவறு என்று இன்று சொல்கிறோம். ஞாயிறு மலர்க்காரர் சொல்வது பொய். "இடிந்தால் நமக்கென்ன" என்பது ஏமாளித்தனம். "நமக்கு ஏது நாள்" என்பதில் பாதி உண்மை. மீதிப் பாதி, நம்மைச் சுரண்டுகிறவன் நம் வாயில் ஊட்டிவிட்ட பேச்சு. இந்தப் பதிலை அறைக்குள் இருந்து எழுதக்கூடாது என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோற்றோடு நாமே தனியாகப் புறப்பட்டோம்.

கைமாறிய கோட்டை

சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர்களுக்குச் செங்கல்பட்டு நெருங்கும்போது கொளவாய் ஏரி தெரியும். அந்த ஏரியையே காவலாக வைத்து, 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விஜயநகர ஆட்சியில் எழுந்தது செங்கல்பட்டுக் கோட்டை. வெள்ளைக்காரன் ரயில் போட்டபோது கோட்டையைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. ஊடே அறுத்துக்கொண்டு போனான். நீங்கள் வேலைக்குப் போகும் ரயிலே கோட்டைக்குள் புகுந்துதான் போகிறது. ராஜ மதிலுக்குக் காலம் கொடுத்த மரியாதை அவ்வளவுதான்!

இந்தக் கோட்டை எத்தனை கை மாறியது, பாருங்கள். 1751-ல் பிரெஞ்சுக்காரன் பிடித்தான். 1752-ல் கிளைவ் பறித்தான். 1763-ல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி, கோட்டையை மட்டுமல்ல, சுற்றியுள்ள சீமை முழுவதையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகத் தாரை வார்த்தார். இதே ஜில்லாவின் தென்கோடியில், கடப்பாக்கம் அருகே கடலோரத்தில் ஆலம்பரைக் கோட்டை இருக்கிறது. அது 1750-ல் முசபர் ஜங் என்ற சுபேதார் பிரெஞ்சு கவர்னர் துப்ளேக்குக் கொடுத்த பரிசு! 1760-ல் அதை இங்கிலீஷ்காரன் கைப்பற்றித் தகர்த்தான்.

கோட்டை ஒரு பரிசு, சீமை ஒரு பரிசு. அந்தச் சீமையில் உழுதுகொண்டிருந்தவனும் பரிசோடு பரிசாகப் போனான். "உன்னை இன்னாருக்குக் கொடுக்கப் போகிறோம்" என்று எவனாவது அவனைக் கேட்டானா?

1780-ல் ஹைதர் அலியின் படை வந்தது. செப்டம்பர் 10-ந் தேதி காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கம்பெனிப் படை நொறுங்கியது. மன்றோ என்ற தளபதி செங்கல்பட்டை நோக்கிப் பின்வாங்கினான். கம்பெனியின் கர்வத்தை ஹைதர் ஒடித்தார். அதை நாம் மறக்கவில்லை. ஆனால் அந்த யுத்தத்தில் கம்பெனிச் சீமையின் கிராமங்கள் பாழாயின. ஜனங்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். மதிலுக்குள் இருந்தவனுக்கு மதில் காவல். மதிலுக்கு வெளியே இருந்தவனுக்கு எது காவல்?

ராஜா போன பிறகு கோட்டை என்ன ஆயிற்று? 1880-களில் வெள்ளைக்கார சர்க்கார் இந்தக் கோட்டையில் சிறுவர் சீர்திருத்தப் பள்ளி வைத்தது. பெயர்தான் பள்ளி; வந்து சேர்ந்ததெல்லாம் ஏழை வீட்டுப் பிள்ளைகள். வெள்ளைக்காரன் போனான், அந்த ஏற்பாடு போகவில்லை. 2022 டிசம்பர் 31-ந் தேதி இதே செங்கல்பட்டின் அரசு கூர்நோக்கு இல்லத்தில், ரயில்வே பேட்டரியைத் திருடியதாகப் பிடிக்கப்பட்ட தாம்பரத்துச் சிறுவன் ஒருவன் இறந்தான். வயது 17. அடித்துக் கொன்றதாக இல்லத்தின் ஊழியர்கள் 6 பேர் கைதானார்கள். சீமையையே திருடியவன் பெயரில் கோட்டை; பேட்டரி திருடியதாகச் சொல்லப்பட்டவனுக்கு மரணம்! இதை எந்த வழிகாட்டியும் நமக்குச் சொல்ல மாட்டான்.

மண் யாருக்கு?

ராஜா போனான், நவாப் போனான், கம்பெனி போயிற்று. நிலம் உழுதவனிடம் வந்ததா?

1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் தன் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். சேரி ஜனங்களுக்கு உழ நிலமில்லை. குடியிருக்கும் மனைகூட மிராசுதாரின் பிடியில். எதிர்த்துப் பேசினால் மனையை விட்டே துரத்துகிறார்கள் என்று வெள்ளைக்காரக் கலெக்டரே ஒப்புக்கொண்டார். அதன் பேரில் 1892-ல் பஞ்சமி நிலம் என்ற ஏற்பாடு வந்தது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது. அதன் பிறகும் தாழ்த்தப்பட்டோருக்குத் தவிர வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்பது நிபந்தனை.

நிபந்தனை காகிதத்தில் இருந்தது. நிலம் கைவிட்டுப் போயிற்று! மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய மக்கள் மீது 1994 அக்டோபர் 10-ந் தேதி இதே செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிர் கொடுத்தார்கள். கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் கிளைவின் பெயரைத் தெரிந்துகொண்டு போகிறார்கள். இந்த இரண்டு பெயர்களைத் தெரிந்துகொள்ளாமல் போகிறவன் செங்கல்பட்டைப் பார்த்தவனே அல்ல.

அடிமைக்காரனின் அழகான கல்லறை

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் ஏறி, கல்பாக்கத்தை ஒட்டியுள்ள சதுரங்கப்பட்டினத்தில் இறங்கினோம். கடலைப் பார்த்தபடி நிற்கிறது டச்சுக்காரன் கோட்டை. செங்கல் சுவர், கிடங்கு, உள்ளே கல்லறைகள். கல்லறைக் கற்களில் பூவேலை என்ன, குலச்சின்னம் என்ன, எழுத்துச் செதுக்கல் என்ன! 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் செத்த டச்சுக்காரர்களின் பெயர் இன்னும் அழியவில்லை.

வாசலில் அவித்த கடலை விற்ற அம்மா, "இன்னா சாமி, இவ்ளோ நேரமா கல்லறைய பாக்குற? உனக்குச் சொந்தமா?" என்று சிரித்தார். "எனக்கில்லேம்மா. இவனுங்களுக்குத் துணி நெஞ்சவங்க கல்லறை எங்கேன்னு தேடுறேன்" என்றோம். அந்த அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நெஞ்சவனுக்கு யாரு கல்லு வெப்பா?"

ஆலைத் தோழர்களே, கேளுங்கள்! இந்தக் கோட்டை எழுந்தது துணிக்காக. இந்தக் கரையோரத்து நெசவாளிக்குத் தரகு வியாபாரி மூலம் முன்பணம் கொடுப்பான், கடனில் கட்டிப்போடுவான், துணியை வாங்குவான். அந்தத் துணியைக் கிழக்கே ஜாவாத் தீவுப் பக்கம் கொண்டுபோய் மிளகுக்கும் கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் மாற்றி ஐரோப்பாவில் விற்றுக் கொழுத்தான். துணி மட்டுமா ஏற்றினான்? 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் யுத்தமும் வந்தபோதெல்லாம், பசியால் தன்னையும் பெற்ற பிள்ளையையும் விற்ற தமிழ் ஜனங்களை டச்சுக் கம்பெனி இந்தச் சோழமண்டலக் கரையிலிருந்து இலங்கைக்கும் பட்டேவியாவுக்கும் அடிமைகளாகக் கப்பலேற்றியது. 1781-ல் இங்கிலீஷ்காரன் வந்து டச்சுக்காரன் கோட்டையைப் பிடுங்கிக்கொண்டான். ஒரு கொள்ளைக்காரனிடமிருந்து இன்னொரு கொள்ளைக்காரன்!

கல்லறை அழகாக இருக்கிறதா? இருக்கிறது. அதைச் செதுக்கிய கையின் அழகு அது. உள்ளே படுத்திருப்பவனின் அழகு அல்ல.

தறிக்கு வரி, சட்டிக்கு வரி

பொழுது சாய்வதற்குள் மாமல்லபுரம் வந்தோம். ஐந்து ரதம், கடற்கரைக் கோயில், அர்ஜுனன் தபசு. 1984-ல் யுனெஸ்கோ உலகச் சொத்தாக ஏற்றுக்கொண்ட இடம். கல் நெஞ்சையும் உருக்கும் வேலை. இதை மறுக்கிறவன் ரசனை இல்லாதவன். இதைச் செய்த பல்லவ ராஜாக்கள் குடியிருந்த மாளிகை எங்கே என்று கேட்டால், நிற்கவில்லை. செங்கலும் மரமுமாக எழுந்த மாளிகைகள் மண்ணாகிவிட்டன. நிற்பது தொழிலாளி செதுக்கிய பாறை.

"ராஜா இல்லாவிட்டால் இந்தக் கலை ஏது?" என்று மலர்க்காரர் கேட்பார். கேட்கட்டும். ராஜா சிற்பிக்குப் படி அளந்த நெல் எங்கிருந்து வந்தது? பல்லவர் செப்பேடுகளே பதில் சொல்கின்றன. நெசவாளிக்கு 'தறிக்கூறை', குயவனுக்குக் 'குசக்காணம்', இடையனுக்கு 'இடைப்பூட்சி', கள் இறக்குகிறவனுக்கு 'ஈழப்பூட்சி', தட்டானுக்குத் 'தட்டுக்காயம்', எண்ணெய் ஆட்டினால் செக்குக்கு வரி! ராஜா தானம் கொடுக்கும் ஊரில் இவற்றை விட்டுக்கொடுத்ததாகச் சொல்லும் இடத்தில்தான் இந்தப் பட்டியலே வருகிறது. விட்டுக்கொடுத்தது யாருக்கு? தறி நெய்தவனுக்கு அல்ல. ஊரைத் தானமாகப் பெற்றவனுக்கு. சுமை இறங்கவில்லை, சுமை ஏற்றுகிறவன் மாறினான்.

ஆகவே கலையைக் காப்பாற்றியது ராஜா அல்ல. தறியும் சட்டியும் செக்கும் ஏரும் காப்பாற்றின. ராஜா நடுவில் நின்று வாங்கினான், நடுவில் நின்று கொடுத்தான். பெயரை மட்டும் தன் பெயராக எழுதிக்கொண்டான். தர்மராஜ ரதத்தின் சுவரில் நரசிம்மவர்மனின் பட்டப்பெயர்கள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன, போய்ப் பாருங்கள்!

நீங்கள் போனால் முடிந்த வேலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். வலையன்குட்டை ரதத்தையும் பிடாரி ரதங்களையும் பாருங்கள். பாதியில் நின்றவை. பாறையைக் கட்டம் கட்டமாகப் பிளந்து எடுத்த தடம் அங்கே அப்படியே இருக்கிறது. எத்தனை கையின் எத்தனை நாள் என்று உழைப்பவன் கண்ணுக்கு உடனே விளங்கும். கிருஷ்ண மண்டபத்துக்குப் போங்கள். அங்கே பால் கறக்கிறான் ஒருவன். பசு கன்றை நக்குகிறது. பானை சுமந்து வருகிறாள் ஒருத்தி. தோளில் கோடரியோடு நிற்கிறான் ஒருவன். ராஜாவின் கூலிக்கு வேலை செய்தவன், சந்தர்ப்பம் கிடைத்த இடத்தில் தன் ஜனங்களைச் செதுக்கி வைத்தான்!

பூஞ்சேரிப் பாறை

இந்தப் பயணத்தில் நாம் கண்ட பெரிய அரண்மனை எது தெரியுமா? மாமல்லபுரத்துக்குச் சற்றுத் தள்ளி, பூஞ்சேரியில், நொண்டி வீரப்பன் தோட்டம் என்று குறிக்கப்படும் இடத்தில் உள்ள பாறை. வழி கேட்டோம், மூன்று பேருக்குத் தெரியவில்லை. நான்காவது ஆள் கல் பட்டறைத் தொழிலாளி. புருவமெல்லாம் வெள்ளைத் தூசி. "எழுத்துப் பாறைதானே சார், வாங்க" என்று வேலையைப் போட்டுவிட்டுக் கூடவே வந்தார்.

பல்லவர் காலத்து எழுத்தில் அந்தப் பாறையில் சில பெயர்கள்: கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், சாதமுக்கியன், கலியாணி, கொல்லன் சேமகன்...

ராஜா இல்லை. சாமி இல்லை. தச்சன், கொல்லன்! கோயில் சுவரில் இடம் கிடைக்காதவர்கள் ஊருக்கு வெளியே ஒரு பாறையில் தங்கள் பெயரைத் தாங்களே வெட்டிக்கொண்டார்கள். 1300 ஆண்டுகளாக அது அழியாமல் கிடக்கிறது. பட்டறைத் தோழர் அந்த எழுத்தை விரலால் தடவிவிட்டு, "எங்க பட்டறையிலும் பேரு போடக்கூடாதுன்றாங்க சார். சிலை போறது கம்பெனி பேருலதான்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமல். மெஷின் வைத்துக் கல் அறுக்கும்போது பறக்கும் தூசி நுரையீரலில் படிந்து ஆளைத் தின்னும். சிலிகோசிஸ் என்று அந்த வியாதிக்குப் பெயர். 1300 ஆண்டுகளில் உளி மெஷின் ஆகிவிட்டது. பெயர் விஷயம் மாறவில்லை!

அதே பூஞ்சேரியில் இருளர், நரிக்குறவர் குடும்பங்கள் வாழ்கின்றன. 2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் வந்தபோது மாமல்லபுரம் புதுமணப்பெண் போல் அலங்கரிக்கப்பட்டது. பக்கத்திலேயே இருந்த பூஞ்சேரி ஜனங்களோ குடிமனைப் பட்டாவுக்குக் காத்துக்கிடந்தார்கள். 2021-ல் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து ஒரு நரிக்குறவப் பெண் எழுப்பப்பட்டார், அவர் அதை உலகறியச் சொன்னார், நாடே பார்த்தது. அதன் பிறகு, அந்த ஆண்டு நவம்பர் 4-ந் தேதி, முதலமைச்சர் ஸ்டாலின் பூஞ்சேரிக்கு வந்து பட்டா கொடுத்தார். கொடுத்ததை வரவேற்போம். ஆனால் உலகச் சொத்தின் வாசலில் குடியிருந்தவனுக்கு உள்ளூர்ச் சொத்தாக ஒரு மனை கிடைக்க, ஒரு பெண் அவமானப்பட்டுக் குரல் எழுப்ப வேண்டியிருந்தது!

தனியாகப் போகும் உரிமை

இப்போது டீக்கடைப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். "தனியா ஊரு சுத்த நமக்கு ஏது நாளு?"

பெரியவரே! உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் இந்தச் சீமையில் பண்ணையாள். நிலத்தோடு சேர்த்து ஆளையும் அடகு வைத்த காலம் அது. எஜமானைக் கேட்காமல் ஊர் எல்லையைத் தாண்டினால் பிடித்துவந்து கட்டி வைத்து அடிப்பார்கள். அடிமைமுறைக்குச் சட்டத்தின் ஆதரவு இல்லை என்று 1843-ல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் கடன் என்ற சங்கிலி தொடர்ந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு யாரையும் கேட்காமல் தனியாக ஒரு ஊருக்குப் போவது பணக்காரனின் பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். அது நம் ஜனங்கள் அடிபட்டு வாங்கிய உரிமை!

பாதிதான் வாங்கியிருக்கிறோம். ஆலைத் தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் எழுதிவைத்தது. அதுவும் தானாக வரவில்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைத் தமிழக சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள், தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே தினத்தன்று வாபஸ் ஆயிற்று. அது நிலைத்திருந்தால் கோட்டையைப் பார்க்க நேரம் ஏது? பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே நேரம் ஏது? விவசாயத் தொழிலாளிக்கோ கூலியோடு ஓய்வுநாள் என்பதே கிடையாது. வயலில் நாற்று நடும் நம் சகோதரி தனியாக ஒரு நாள் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தால், ஊர் என்ன பேசும்? புருஷன் என்ன கேட்பான்? இந்தக் கேள்விக்கு நம் தோழர்களும் வீட்டில் பதில் சொல்ல வேண்டும்!

காசு விஷயமும் இருக்கிறது. மாமல்லபுரத்தில் உள்நாட்டவருக்கு 2016-க்கு முன் 10 ரூபாயாக இருந்த நுழைவுக் கட்டணத்தை 2018-க்குள் 40 ரூபாய் ஆக்கினார்கள். காரில் வருகிறவனுக்கு அது ஒரு டீக்காசு. நாலு பெரியவர்கள் உள்ள கூலிக் குடும்பத்துக்கு அடுத்த வேளைச் சோறு. கட்டியவனின் பேரன் பார்க்கக் காசு!

நாம் கேட்பது

ஆகவே நாம் சொல்கிறோம்: கோட்டை இடிந்தால் நமக்கு நஷ்டம்தான். அது ராஜாவின் ஞாபகச் சின்னம் அல்ல. நம் பாட்டன் உழைப்புக்கு மிச்சமிருக்கும் ஒரே ரசீது. ரசீதைக் கிழிக்கிறவன் கடன்காரனுக்குத்தான் உதவி செய்கிறான்.

நாம் கேட்பது அதிகமில்லை. பூஞ்சேரிப் பாறையிலுள்ள பெயர்களை ஐந்து ரதத்தின் வாசலிலேயே பலகையில் எழுதி வை! கூலித் தொழிலாளிக்கும் அவன் குடும்பத்துக்கும் வாரத்தில் ஒரு நாளாவது கட்டணமில்லாமல் கதவைத் திற! கல் பட்டறையில் தூசியைத் தடுக்க ஏற்பாடு செய், இருமுகிறவனுக்கு வைத்தியம் செய்! செங்கல்பட்டு ஜில்லாவின் பஞ்சமி நிலம் கிராமம் கிராமமாக எத்தனை ஏக்கர், இன்று யார் கையில் என்று கணக்கை வெளியிடு, உரியவனிடம் திருப்பிக் கொடு!

இந்தியாவில் ராஜாக்களின் மானியத்தை 1971-ல் ஒழித்தார்கள். மானியம் போனதும் பல ராஜாக்கள் அரண்மனையை ஓட்டலாக்கினார்கள். அங்கேதான் "ராஜபோகம்" ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று விலை போகிறது. நம் புதுக்கோட்டையில் ராஜாவின் அரண்மனை கலெக்டர் ஆபீஸ் ஆயிற்று. குடியானவன் மனுவோடு அதன் படியேறுகிறான். ராஜா வீட்டுக்கு எந்த வழி நல்ல வழி என்பதை நீங்களே சொல்லுங்கள்.

மதுராந்தகத்து இளம் தோழரிடம் திரும்பிப் போய் இதையெல்லாம் சொன்னோம். அவர் கேட்டது ஒன்றுதான்: "அண்ணே, அந்தப் பாறையில இருக்கிற பேரெல்லாம் இன்னொரு வாட்டி சொல்லுங்க." சொன்னோம். கேவாத பெருந்தச்சன். குணமல்லன். பய்யமிழிப்பான். அவர் டீக்கடைத் தாளில் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு அவர் தனியாகப் போகிறார்.

நீங்களும் போங்கள் தோழர்களே! கைகட்டி வாய்பிளக்கும் விருந்தாளியாகப் போகாதீர்கள். ரசீதைக் கையில் வைத்திருக்கும் உரிமைக்காரனாகப் போங்கள்!